முடிச்சூரா, சோழிங்கநல்லூரா?

வீரவநல்லூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"மகள் பி.இ. முடித்திருக்கிறாள். சென்னை சோழிங்கநல்லூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைத்து, அடுத்த மாதம் சேர வேண்டும். மூன்று மாதம் ட்ரெய்னிங், அதற்குப் பிறகு ஷிப்ட் இருக்கும் என்கிறார்கள். என் கொழுந்தனார் முடிச்சூரில் சொந்த வீட்டில் இருக்கிறார். அங்கேதான் இருக்க வேண்டும் என்று இவள் அப்பா ஒரே பிடியாக நிற்கிறார். 'வயசுப் பிள்ளையை ஆஸ்டலில் விட்டுட்டு இங்கன எப்படித் தூங்க?' என்கிறார். மகளோ, 'சித்தப்பா வீட்டிலிருந்து போய் வந்தா என் ஆயுசு பஸ்ஸிலேயே கழிஞ்சிரும், ஆபீஸ் பக்கத்திலேயே பி.ஜி. பார்த்துக்கிடுதேன்' என்கிறாள். கூடப் படித்த இரண்டு பிள்ளைகள் பெரும்பாக்கத்தில் ஃபிளாட் எடுத்து இவளையும் கூப்பிடுகிறார்கள். எனக்குச் சென்னையில் எழும்பூரையும் தி.நகரையும் தவிர ஒன்றும் தெரியாது. எது பக்கம், எது பத்திரம்? இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்காதா?"

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். சென்னையில் ஐ.டி. கம்பெனிகளின் ட்ரான்ஸ்போர்ட் பிரிவில்தான் ரொம்ப வருஷம் வேலை பார்த்தேன். ஷிப்ட் முடிந்து வருகிற பிள்ளைகளை எந்த வண்டியில் ஏற்றுவது, யாரை முதலில் இறக்குவது, யாரைக் கடைசியில் இறக்குவது என்று ராத்திரி ராத்திரியாகப் பட்டியல் போடுவதுதான் என் பிழைப்பு. இப்போது பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு, வெளியூரில் வீடு பார்ப்பவர்களுக்கு யோசனை சொல்லி வருகிறேன். உங்கள் கடிதத்தையும் அந்தக் கண்ணோடுதான் படித்தேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ட்ரெய்னிங் நடக்கும் மூன்று மாதமும் சோழிங்கநல்லூரை ஒட்டி நல்ல பி.ஜி. (மாதக் காசு கொடுத்துத் தங்குகிற பெண்கள் விடுதி) ஒன்றில் இருக்கட்டும். சனி, ஞாயிறு சித்தப்பா வீட்டுக்குப் போய் வரட்டும். ஃபிளாட் பேச்சை ஷிப்ட் இன்னதென்று தெரிந்த பிறகு எடுங்கள். அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

முடிச்சூர் ஏன் வேண்டாம் என்றால், உங்கள் கொழுந்தனார் வீட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, இடம்தான் இவளுக்குப் பொருந்தவில்லை. தெற்கத்திக்காரர்கள் சென்னைக்குப் போனால் தாம்பரம், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டியே வீடு பார்ப்பார்கள். நெல்லை எக்ஸ்பிரஸ் விடியற்காலை தாம்பரத்தில் நிற்கும். செங்கோட்டையிலிருந்து அம்பை வழியாக வரும் ரயில் தாம்பரத்தோடு முடிந்துவிடும். 2023 டிசம்பர் 30-ம் தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததிலிருந்து தென்மாவட்டத்துப் பஸ்ஸுக்கும் அந்தப் பக்கமே வசதி. தாம்பரத்தை ஒட்டியிருக்கிற முடிச்சூருக்கும் இதெல்லாம் உண்டு. ஆனால் எல்லாம் ஊருக்கு வருவதற்கான வசதி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் வருகிற வழியை வைத்து, வாரத்தில் ஐந்து நாள் வேலைக்குப் போகிறவளுக்கு வீடு பார்க்கக் கூடாது. மகளுக்கு அதே ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் மறைமலைநகரிலோ மகிந்திரா சிட்டியிலோ வேலை கிடைத்திருந்தால் நானே சித்தப்பா வீட்டைத்தான் சொல்லியிருப்பேன்.

சோழிங்கநல்லூர் இருப்பது ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் ரோட்டில். முடிச்சூரிலிருந்து அங்கே சுமார் 20 கிலோமீட்டர். உங்களுக்குப் பழகின கணக்கில் சொன்னால், சேரன்மகாதேவியிலிருந்து திருநெல்வேலி டவுனுக்கு வருகிற தூரம். அதற்கு நமக்கு முக்கால் மணி நேரம் போதும். அங்கே அப்படி இல்லை. முடிச்சூர் ரோட்டில் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்து மேற்குத் தாம்பரம் வர வேண்டும். ஸ்டேஷன் படிக்கட்டு ஏறி இறங்கிக் கிழக்குத் தாம்பரம் போக வேண்டும். அங்கிருந்து சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் என்று நெரிசலுக்குள் ஊர்ந்து போக வேண்டும். காலையில் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் கணக்கே கிடையாது. இந்தப் பக்கம் ரயிலும் இல்லை. மாதவரத்திலிருந்து சிறுசேரி வரைக்கும், இன்னொரு தடத்தில் மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் வரைக்கும் மெட்ரோ வரப்போவது உண்மைதான். புரோக்கர்கள் அந்த மெட்ரோவைக் காட்டி வாடகை கேட்பார்கள். ஓடாத ரயிலுக்கு உங்கள் மகள் ஏன் வாடகை கொடுக்க வேண்டும்?

பக்கமும் பத்திரமும் ஒரே இடத்தில் கிடைக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் அவை இரண்டு கேள்வியே இல்லை. வேலை முடிந்து வருகிற நேரத்தில், வண்டியை விட்டு இறங்கும் இடத்திலிருந்து வீட்டுக் கதவு வரைக்கும் வழி எப்படி இருக்கிறது என்ற ஒன்றைப் பார்த்துவிட்டால் இரண்டுக்கும் பதில் வந்துவிடும். கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். எப்படி என்று சொல்கிறேன்.

ட்ரெய்னிங் முடிந்ததும் மகளுக்கு மதியம் ஆரம்பித்து இரவு பத்து, பத்தரைக்கு முடியும் ஷிப்ட் வரலாம். யு.கே. ஷிப்ட் என்பார்கள். அப்போது கம்பெனி வண்டி வரும். ஒரே திசையில் வீடு இருக்கிற நாலைந்து பேரை ஒரு வண்டியில் போடுவோம். பக்கத்தில் இருப்பவர் முதலில் இறங்குவார், தூரத்தில் இருப்பவர் கடைசியில். கடைசியில் இறங்குவது பெண் என்றால் காவலுக்கு ஓர் ஆள் கூடப் போக வேண்டும். இல்லையென்றால் வரிசையை மாற்றி, ஆண் ஊழியர் ஒருவரைக் கடைசியாக வைக்க வேண்டும். நல்ல கம்பெனிகள் இதில் கண்டிப்பாக இருக்கும். ஆனால் காவலுக்கு ஆள் பற்றாத இரவுகளும் உண்டு. அன்றைக்கு, "இந்த வண்டி போகட்டும்மா, கொஞ்சம் இரு, கார்டு வந்ததும் அனுப்புறேன்" என்று ரிசப்ஷனில் உட்கார வைப்போம். இப்படி உட்கார்வது எப்போதும் கோடியில் வீடு இருக்கிற பிள்ளைகள்தான். முடிச்சூர் என்றால் உங்கள் மகளும் அந்தப் பட்டியலில் இருப்பாள். பத்தரைக்குச் சோலி முடிந்தவள் வாசலில் வந்து இறங்க நடுச்சாமம் ஆகிவிடும்.

வண்டிக்கு எல்லையும் உண்டு. ஆபீஸிலிருந்து இத்தனை கிலோமீட்டர் வரைக்கும்தான் என்று கம்பெனி ஒரு கோடு போட்டு வைத்திருக்கும். கோட்டுக்கு வெளியே வீடு என்றால், கோட்டின் ஓரத்தில் ஒரு பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டு வண்டி திரும்பிவிடும். நோடல் பாயிண்ட் என்று அதற்கு ஒரு பேர். இது தூரத்து வீட்டுக்கு வருகிற கஷ்டம். பக்கத்து வீட்டுக்கும் ஒரு கஷ்டம் உண்டு, அதை யாரும் யோசிப்பதில்லை. ஆபீஸிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு, 'நடக்கிற தூரம்தானே' என்று வண்டியே தராத கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன். பகலில் பத்து நிமிஷ நடை. இரவு பத்தரைக்கு அதே பத்து நிமிஷம், ஒரு பக்கம் கம்பெனி மதில் சுவர், மறு பக்கம் முள்ளுச்செடி மண்டிய காலி மனை. அப்படிப்பட்ட இடத்தை விட, வாசல் வரைக்கும் வண்டி வருகிற நாலு கிலோமீட்டர் தூரத்து வீடு எவ்வளவோ மேல்.

அதனால் வீடு பார்ப்பதற்கு முன்னால் மகள் கம்பெனி ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போடட்டும். ட்ரெய்னிங்குக்குப் பிறகு எந்த ஷிப்ட் வர வாய்ப்பு, வண்டி எதுவரை, வாசல் வரையா ஸ்டாப் வரையா, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் உண்டா, கடைசியில் இறங்கும் பெண்ணுக்குக் காவல் உண்டா. இதைக் கேட்டால் வேலையில் சேருமுன்பே கெட்ட பேர் வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். இது அவர்கள் தினமும் பதில் சொல்கிற கேள்வி. இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைப்பதென்றால் எழுத்தில் சம்மதம் வாங்கி, பாதுகாப்பும் போக்குவரத்தும் செய்து கொடுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் கம்பெனிகளுக்குப் போட்டிருக்கிற நிபந்தனை. இன்னொன்றும் மகளுக்குத் தெரிந்திருக்கட்டும். பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டத்தில், கம்பெனி ஏற்பாடு செய்கிற வண்டியும் பணியிடம்தான். வண்டிக்குள் டிரைவரோ கூட வருபவரோ முறைகேடாக நடந்தால், கம்பெனிக்குள் இருக்கும் புகார்க் குழுவிடமே எழுதிக் கொடுக்கலாம். 'ஆபீஸுக்கு வெளியே நடந்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று அவர்கள் கை கழுவ முடியாது.

இனி பி.ஜி. உங்களைப் போன்ற அம்மாக்கள் பி.ஜி. பார்க்கப் போனால் கண்ணில் முதலில் படுவது, 'இரவு 10 மணிக்கு கேட் பூட்டப்படும்' என்று எழுதிய போர்டு. அதைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துபோகும். கண்டிப்பான இடம், நம் பிள்ளைக்கு ஏற்றது என்று அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு ரயிலேறிவிடுவார்கள். எனக்கோ அந்தப் போர்டைக் கண்டாலே வயிற்றைக் கலக்கும். பத்தே முக்காலுக்கு வண்டி வந்து நிற்கும். கேட் பூட்டியிருக்கும். பிள்ளை வார்டனுக்குப் போன் போடும், எடுக்க மாட்டார். வாட்ச்மேன் கட்டில் காலியாகக் கிடக்கும். கேட் திறந்து பிள்ளை உள்ளே போகிற வரைக்கும் வண்டியை எடுக்கக் கூடாது என்பது டிரைவருக்கு நாங்கள் சொல்லி வைத்த விதி. ஆனால் வண்டிக்குள் இன்னும் மூன்று பேர் வீட்டுக்குப் போகக் காத்திருப்பார்கள், ஹாரன் சத்தத்துக்கு எதிர்வீட்டுக்காரர் ஏசுவார். 'நீங்க போங்கண்ணா, நான் பார்த்துக்கிடுதேன்' என்று பிள்ளையே இறங்கிவிடும். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் தனியாக நிற்கிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும், உங்களுக்குப் பிடித்துப்போன அந்தப் போர்டுதான் காரணம்.

ஆகவே வார்டனிடம் நேராகக் கேளுங்கள். ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகள் இங்கே எத்தனை பேர், அவர்கள் வந்தால் கேட்டைத் திறப்பது யார், அந்த ஆள் இரவில் எங்கே படுக்கிறார். ஷிப்ட் பிள்ளைகள் நிறைய இருக்கிற பி.ஜி.யில் இதற்குப் பதில் டக்கென்று வரும். 'அதெல்லாம் பாத்துக்கலாம்மா' என்று இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பெண்கள் விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும் என்று 2014-ல் தமிழ்நாடு சட்டம் போட்டிருக்கிறது. உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை எல்லாம் மகளே பார்த்துக்கொள்வாள். மாடிப்படி ஒன்றுதானா, தீப்பிடித்தால் இறங்க வேறு வழி உண்டா என்பதை மட்டும் நீங்கள் ஒருமுறை நடந்து பாருங்கள். வேலை பார்க்கும் பெண்களுக்கென்றே அரசு நடத்தும் தோழி விடுதிகளும் உண்டு. தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இருக்கின்றன. நல்ல ஏற்பாடுதான், ஆனால் இவள் ஆபீஸுக்கு அதுவும் முடிச்சூர் கதைதான்.

தெருவைப் பார்க்கும் விதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போய் 'தெரு அமைதியா இருக்கு, நல்ல இடம்' என்று சொல்வது வழக்கம். அந்த நேரத்தில் எந்தத் தெருதான் நல்ல தெருவாக இல்லை? வாரநாளில், மகள் திரும்பி வருகிற நேரத்துக்குப் போங்கள். நம்மூரில் தெரு அடங்கியிருந்தால் நிம்மதி. திண்ணையில் இருக்கிற ஆச்சிக்கு யார் வருகிறார், யார் போகிறார் என்று தெரியும். அங்கே அடங்கிய தெருவில் பார்க்கிறவர் யாருமே இருக்க மாட்டார்கள். ஒன்பதரைக்கும் திறந்திருக்கிற மெடிக்கல், இஸ்திரி வண்டிக்காரர், மாவுக் கடை, வாசலில் நாற்காலி போட்டிருக்கும் அபார்ட்மெண்ட் செக்யூரிட்டி, இப்படி நாலு பேர் கண் இருக்கிற இரைச்சலான தெருவே எனக்குப் பிடித்தது. வழியில் டாஸ்மாக் இருக்கிறதா என்று பாருங்கள். கடை மூடுவது இரவு 10 மணிக்கு. உள்ளே இருக்கிற அத்தனை பேரும் தெருவுக்கு வருகிற நேரம் அது, இவள் ஷிப்ட் விடுகிற நேரமும் அதுதான். பகலில் அந்தக் கடை இருப்பதே தெரியாது.

ஓ.எம்.ஆருக்கென்று ஒரு விசேஷம் உண்டு. ஆறு வழி ரோடு, நடுவில் தடுப்பு, நினைத்த இடத்தில் கடக்க முடியாது. மெட்ரோ வேலை நடக்கிற இடத்தில் தகரத் தடுப்பு வேறு. அதனால் ஆபீஸிலிருந்து எத்தனை தூரம் என்பதோடு, சாயங்கால பஸ் ரோட்டின் எந்தப் பக்கம் இறக்கிவிடும் என்பதையும் கேளுங்கள். காலையில் கூட்டத்தோடு கூட்டமாகக் கடந்துவிடலாம். இரவில் இறங்கிய பக்கத்திலேயே வீடு இருந்துவிட்டால் பெரிய நிம்மதி. ஆபீஸுக்கு வடக்கே காரப்பாக்கம், துரைப்பாக்கம் பக்கம் பி.ஜி. எடுத்தால், திரும்பும்போது மேற்கு ஓரத்தில் இறங்குவாள். அந்தப் பக்கம் வீடு பார்ப்பது நல்லது.

ஆனால் அங்கேதான் தண்ணீர் குறுக்கே வருகிறது. ஓ.எம்.ஆருக்கு மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், கிழக்கே பக்கிங்காம் கால்வாய். இரண்டுக்கும் நடுவில்தான் இத்தனை கட்டடமும். 2015 டிசம்பரில் முடிச்சூர் எப்படி மூழ்கியது என்று உங்கள் கொழுந்தனாருக்குத் தெரியும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் வேளச்சேரியிலும் வீட்டுக்குள் தண்ணீர் போனது. அடுத்த இரண்டு வாரத்தில் தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்து, நம்மூரிலும் அதையே பார்த்தோம். ஆகவே எந்த வீடானாலும் தரைத்தளம் வேண்டாம். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரிடம், 'மிக்ஜாமுக்குத் தண்ணி எதுவரை வந்தது?' என்று கேளுங்கள். புரோக்கர் 'இங்க தண்ணியே நிக்காது' என்பார். கடைக்காரர் சுவரில் கை வைத்துக் காட்டுவார்.

பெரும்பாக்கம் ஃபிளாட்டை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. அரசு கட்டிய மறுகுடியமர்வுக் குடியிருப்பு அங்கே இருக்கிறது என்பதால் பெரும்பாக்கம் என்றாலே முகத்தைச் சுளிப்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சை நீங்கள் காதில் வாங்க வேண்டாம். ஏழை பாழைகள் பக்கத்தில் குடியிருப்பதால் ஒரு இடம் ஆபத்தாகிவிடாது. அங்கே பார்க்க வேண்டியது மெயின் ரோட்டிலிருந்து அபார்ட்மெண்ட் எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறது என்பதையும் மழைத் தண்ணீரையும்தான். அதோடு மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று ஷிப்ட் வந்துவிட்டால், ஃபிளாட்டில் எந்த நேரமும் ஒருத்தி தனியாக இருப்பாள். சேர்ந்திருப்பதால் வருகிற பலம் போய்விடும். அதற்காகத்தான் மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறேன். அப்போது எடுப்பதானால், வாடகை ஒப்பந்தத்தில் மூவர் பேரும் இருக்கட்டும். முன்பணம் 3 மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் இருக்கும் வழக்கமான அளவு. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுதான் செல்லும். அதனால் படித்துப் பார்த்துவிட்டுப் பையக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

மகள் எங்கே வருகிறாள் என்று போனில் பார்க்கிற வசதியை உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். கொடுக்கட்டும். ஆனால் வீரவநல்லூரில் உட்கார்ந்துகொண்டு நடு ரோட்டில் புள்ளி நிற்பதைப் பார்த்து அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, தூக்கம் கெடுவதுதான் மிச்சம். அதை அறைத்தோழியும் சித்தப்பாவும் பார்க்கட்டும். ஓடிவரக்கூடியவர்கள் அவர்கள்தான். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181 என்ற இரண்டு எண்ணும் மகள் போனில் இருக்கட்டும்.

கடைசியாகச் சித்தப்பா விஷயம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் ஆட்கள் சும்மாவா சொல்லி வைத்தார்கள்? காலையில் ஆறரைக்கு இவள் கிளம்ப வேண்டும் என்றால் அவள் சித்தி வெள்ளனே நாலரைக்கு எழுந்து டிபன் கட்ட வேண்டும். ராத்திரி இவள் வந்து மணி அடிக்கிற வரைக்கும் அந்த வீட்டில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். ஒரு மாதம் ஆசையாகச் செய்வார்கள். ஆறாவது மாதம் முகம் மாறினால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மாறாக, சனிக்கிழமை துணி மூட்டையோடு வந்து நிற்கிற அண்ணன் மகளுக்குக் கறிக்குழம்பு வைத்துக் கொடுக்க யாருக்கும் கசக்காது. பி.ஜி. படிவத்தில் உள்ளூர்ப் பொறுப்பாளர் என்ற இடத்தில் சித்தப்பா பேரைப் போடுங்கள். மகளைச் சேர்க்கப் போகும்போது உங்கள் வீட்டுக்காரர் இரண்டு நாள் கூடுதலாக லீவு போடட்டும். ஒரு வாரநாள் காலையில் முடிச்சூரிலிருந்து மகளோடு ஆபீஸ் வாசல் வரைக்கும் பஸ்ஸிலேயே போய், சாயங்காலம் அதே வழியில் திரும்பட்டும். இரவில் தம்பியையும் கூட்டிக்கொண்டு பி.ஜி. தெருவில் ஒரு நடை நடக்கட்டும். நீங்களும் மகளும் வீட்டில் வாதாடுவதை விட அது சீக்கிரம் வேலை செய்யும்.

முடிச்சூரில் இருக்கப் போவதில்லை என்கிற சேதியையும் அவரே தம்பியிடம் நேரில் சொல்லட்டும். அண்ணன் சொன்னால் அது யோசனை. மதினி போனில் சொன்னால், 'எங்க வீடு பிடிக்கலையாம்' என்று ஆகிவிடும்.